கொல்லைத் தோட்டத்தில் படரும் களைகள்



நாலு கத்தரிச் செடி, ஒரு வரிசை வெண்டை, ஓர் ஓரமாக மரவள்ளி, குழாயடியில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும், வேலியோரம் ஒரு முருங்கை. இவை இல்லாத தோட்டத்து வீடு அபூர்வம். லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களும், அலோர் காஜாவிலாகட்டும், ஜாசினிலாகட்டும், மெர்லிமாவிலாகட்டும், வீட்டின் பின்னே கிடைத்த பத்தடி நிலத்தைச் சும்மா விடுவதில்லை. காய்கறி விலை ஏறும் நாட்களில் குழம்புக்குக் காயும் பிள்ளைகளுக்குக் கீரையும் அந்தப் பத்தடி நிலத்திலிருந்துதான் வருகின்றன. அந்த நிலத்தைக் களைகள் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில் மாணவர்களுக்கென்று ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. பயற்றங்காய்ப் பந்தல் காய்க்கத் தொடங்கிய வேளையில், பக்கத்துச் செம்பனைக் காட்டிலிருந்து இதய வடிவ இலை கொண்ட ஒரு கொடி வேலியைத் தாண்டி வந்து பந்தலின்மேல் ஏறிவிட்டது. பாராங் கத்தியை எடுத்தோம். கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, மண்ணுக்குத் தழையுரமாகட்டும் என்று பாத்திகளின்மேல் பரப்பினோம். செலவில்லாமல் உரமும் ஆயிற்று என்று எங்களுக்குப் பெருமை வேறு. அந்த வாரம் முழுவதும் மழை. மூன்றாம் வாரம் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுத் துளிர்த்து நின்றது. முன்பு ஒரு மூலையில் இருந்த கொடி இப்போது எல்லாப் பாத்தியிலும் இருந்தது. பேரனை அழைத்துப் போக வந்த ஆயா ஒருவர், முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், வேலிக்கு வெளியே நின்றபடி சிரித்தார்.

"ஏன் வாத்தியாரையா, நீங்களே பதியம் போட்டுட்டு நீங்களே கோவப்பட்டா எப்படி?"

அவர் சொன்னது முழு உண்மை. களையை வெட்டுவதற்கு முன் அது எதனால் பரவுகிறது என்று பார்க்க வேண்டும். கணுவினால் நடக்கிறதா, மண்ணுக்குள் கிழங்கினால் நடக்கிறதா, விதையினால் பறக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தியைத் தொட்டால், பல வேளைகளில் நாமே அதற்குத் துணைபோகிறோம்.

அந்தக் கொடியின் பெயர் மிக்கானியா. மலாய்க்காரர்கள் செலாபுட் துங்குல் என்பார்கள். அடிமரத்தை மூடும் சவ்வு என்று பொருள்படும் பெயர். வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையைப் போர்வைபோல மூடிவிடுவதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. கேரளத்தில் இதற்குத் திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீமனைத் தழுவிக் கொல்ல நினைத்த திருதராஷ்டிரனின் அணைப்பைப் போல, அணைத்தே கொல்லும் கொடி! நல்ல ஈரமும் வெயிலும் கிடைத்தால் இளங்கொடி ஒரே நாளில் 8 அல்லது 9 சென்டிமீட்டர் வளரும். காலையில் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவர், மறுநாள் காலையில் அது நான்கு விரற்கடை நீண்டிருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இந்தக் கொடி நம் மண்ணுக்கு உரியதன்று. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 1949-இல் பராகுவே நாட்டிலிருந்து ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு இது கொண்டுவரப்பட்டது. 1956-இல் இந்தோனேசிய ரப்பர் தோட்டங்களில் மண் அரிக்காமல் இருப்பதற்காக நிலமூடிச் செடியாக நட்டார்கள். நட்ட இடத்திலேயே நிற்கும் குணம் அதற்கு இல்லை. இளம் ரப்பர்க் கன்றுகளின் வளர்ச்சியை இது தடுக்கிறது என்பதை 1960-களிலேயே நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெயிலை மறைப்பதோடு, பக்கத்துச் செடியின் வளர்ச்சியைக் குன்றச்செய்யும் பொருள்களையும் இது மண்ணில் விடுகிறது. உங்கள் கத்தரிச் செடி உரம் போட்டும் மஞ்சளாக நின்றால், அதன் காலடியில் இந்தக் கொடி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு செடியைப் பழிப்பது முறையன்று. ரப்பர் மரமே பிரேசிலிலிருந்து வந்ததுதான். நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் அதை வாணிகத்துக்காக நட்டார். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின, நம் முன்னோர் இங்கே வந்தார்கள். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களே. மரவள்ளி நாம் நட்ட குழியில் நிற்கிறது, மிக்கானியா நிற்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

சரி, அதை எப்படி ஒழிப்பது? மழை பெய்து மண் இளகியிருக்கும் மறுநாள் நல்ல நாள். கொடியின் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். நடுவில் அறுந்து, பாதி மண்ணில் தங்கிவிடும். நுனியிலிருந்து பின்னோக்கிக் கையால் தடவிக்கொண்டே போய், வேர்விட்ட கணு ஒவ்வொன்றையும் தனித்தனியே மண்ணைக் கிளறி எடுக்க வேண்டும். மெதுவான வேலைதான். பந்தலில் ஏறியிருந்தால் அடியில் மட்டும் அறுத்துவிட்டு, மேலே உள்ளதை அப்படியே காய விடுங்கள். பச்சையாக இழுத்தால் பயற்றங்கொடியும் சேர்ந்து வந்துவிடும். எடுத்ததை மண்ணில் போடாதீர்கள். தகரத்தின்மேல் அல்லது சிமெண்டுத் தரையில் பரப்பி, கையால் நொறுக்கினால் நொறுங்கும் வரை வெயிலில் காயப்போட வேண்டும். மழைக் காலமானால் கறுப்பு நெகிழிப் பையில் திணித்து, வாயைக் கட்டி, வெயில் படும் இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் உள்ளேயே வெந்து அழுகிவிடும். அதன்பின் அது உரமாகலாம். வடிகாலில் வீசினால் தண்ணீர் அதைக் கீழ்வீட்டாரின் கொல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெட்டவெளியில் தீ மூட்டுவதற்கும் நம் நாட்டில் சட்டத் தடை உண்டு.

இதன் வெள்ளைப் பூங்கொத்து வாடியதும் சிறு விதைகள் பஞ்சு மயிரோடு காற்றில் பறக்கும். ஆகவே பூ மலரும் முன் எடுத்துவிட வேண்டும். பூத்துவிட்டால் முதலில் பூங்கொத்துகளை மட்டும் கத்தரித்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, பிறகு கொடிக்கு வாருங்கள்.

மண்ணுக்குள் நடப்பவை வேறு வகை. லாலானைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேலே புல்லைச் சீவினால் கீழே வெள்ளை வேர்த்தண்டு ஊசிபோல முனைகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பலவீனம் நிழல். அதனால்தான் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு இடையே பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் அவரை இனக் கொடிகளை விதைத்து அதை அமுக்குகிறார்கள்.

கோரை இன்னும் பொல்லாதது. இலையைப் பிடித்து இழுத்தால் இலை வரும், கிழங்கு வராது. கிழங்குகள் மண்ணுக்குள் மணிமாலைபோல ஒன்றோடொன்று கோத்திருக்கும். மாலையின் முனையிலுள்ள கிழங்கு வளரும்வரை மற்றவற்றுள் பல உறங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டியால் கொத்தி மாலையை அறுத்தால் உறங்கியவை எல்லாம் விழித்து, ஒவ்வொன்றும் ஒரு செடியாகும். இதைத் தெரியாமல் வாரந்தோறும் கொத்திக் கொத்திக் கோரையை விளைவிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலான கிழங்குகள் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். முள்கரண்டிபோன்ற மண்கிளறியால் மண்ணைப் புரட்டி, உதிர்த்து, கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். தை, மாசியில் மலாக்காவில் மழை குறையும் நாட்கள் இதற்கு ஏற்றவை. புரட்டிய மண் காயும்போது தப்பிய கிழங்கிலும் ஒரு பகுதி வெயிலில் மடியும். கறுப்பு நெகிழித்தாளைப் பாத்தியில் விரித்துவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். கோரையின் முளை அதையும் துளைத்துக்கொண்டு வரும். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடவே வேண்டாம். நன்றாகக் கழுவிக் காயவைத்தால் குளியல் பொடிக்கு ஆகும். நம் பாட்டிமார் வாசனைக்காகச் சேர்த்தது இந்தக் கோரைக்கிழங்கைத்தான்.

விதையால் பரவுவதற்கு நம் பக்கத்து எடுத்துக்காட்டு ரும்புட் இஸ்ரேல் என்று மலாயில் சொல்லப்படும் அசிஸ்டேசியா. பெயர் எப்படி வந்ததோ, செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ரப்பர், செம்பனைக் காடுகளில் சிறு வெள்ளைப் பூவோடு நிற்கும். அதன் காய் முற்றி உலர்ந்ததும் படீரென்று வெடித்து விதைகளைச் சில மீட்டர் தூரம் எறியும். காய் பழுப்பான பிறகு அதைப் பிடுங்கினால், பிடுங்கும் ஆட்டத்திலேயே விதை சிதறும். பச்சையாக இருக்கும்போதே எடுங்கள். ஆடும் மாடும் இதை விரும்பித் தின்னும். ஆடு வளர்க்கும் வீட்டார்க்கு இது களையன்று, தீவனம். ஆனால் மருந்தடித்த காட்டிலிருந்து அறுத்து வரக் கூடாது. கீரை பறிக்கப் போகும் தாய்மார்களுக்கும் இதே வார்த்தைதான்.

நாமே ஆசையாக நட்டுவிட்டுப் பின்னர் அவதிப்படுவதும் உண்டு. புதினாவும் வல்லாரையும் அப்படிப்பட்டவை. சந்தையில் வாங்கிய புதினாவின் காம்பை ஊன்றினால் ஆறு மாதத்தில் பாத்தியே புதினா, கொத்தமல்லிக்கு இடமிராது. இவற்றுக்கு நிலம் தரக் கூடாது, பாத்திரம்தான் தர வேண்டும். ஓட்டையாகிப்போன பழைய பால் வாளியின் அடியில் இன்னும் நாலு துளையிட்டு, மண் நிரப்பி, தரையில் நேராக வைக்காமல் செங்கல்லின்மேல் வையுங்கள். தரையில் வைத்தால் துளை வழியே வேர் இறங்கி நிலத்தைப் பிடித்துவிடும். பால் வாளி ஆகும் என்றோம். மருந்து வந்த தகரமோ பீப்பாயோ எத்தனை முறை கழுவினாலும் இதற்கு ஆகாது.

அண்டை வீட்டார் தரும் கீரைக் கொத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். அங்கே குடியேறிய இலங்கை மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களில் ஒரு கீரையை அன்போடு வளர்த்து வந்தார்கள். சிங்களத்தில் முக்குனுவென்ன, தமிழில் பொன்னாங்கண்ணி என்று எண்ணித்தான் நட்டார்கள். 1990-களில் அதிகாரிகள் பார்த்தபோது பல வீடுகளில் இருந்தது பொன்னாங்கண்ணியே அன்று. அதன் உடன்பிறப்பைப் போன்ற, ஆனால் ஆறு குளங்களை மூடி நீரோட்டத்தையே தடுக்கும் முதலைக் களை. தென் அமெரிக்கச் செடி. ஒரு கணு வாய்க்காலில் விழுந்தால் போதும். அங்கிருந்தவர்கள் மக்கள்மீது குற்றம் சாட்டிக்கொண்டிருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று விளக்கி, அந்தச் செடியை அகற்றி, அதற்கு மாற்றாக அந்நாட்டிலேயே இயல்பாக வளரும் ஒரு பொன்னாங்கண்ணி வகையைப் பரிந்துரைத்தார்கள். நம் கீரைப் பழக்கத்தை மதித்துச் செய்த வேலை அது என்று நமக்குத் தோன்றுகிறது. பொன்னாங்கண்ணியின் வெண்பூ இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். முதலைக் களையின் பூவோ நீண்ட காம்பின் நுனியில் தனியே நிற்கும், தண்டும் உள்ளே குழலாக இருக்கும். அடையாளம் இதுதான்.

இன்னொரு செடியைக் கண்டால் மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். அது பார்த்தீனியம். இந்தியாவில் 1955-இல் பூனா நகரில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சாலையோரமெங்கும் பரவியது. நம் நாட்டில் 2013-இல் சிலாங்கூரின் பத்தாங் காலியில் இருப்பது தெரியவந்தது. மலாயில் ரும்பாய் மியாங் மெக்சிகோ என்கிறார்கள். செவ்வந்தி இலைபோல வெட்டு வெட்டான இலை, சிறு வெண்முத்துப்போன்ற பூ. தோலில் அரிப்பும் புண்ணும், சிலருக்கு மூச்சிரைப்பும் உண்டாக்கும். இதைத் தின்ற மாட்டின் பாலும் கசக்கும். ஐயமிருந்தால் படம் எடுத்து வட்டார விவசாய இலாகாவுக்குக் காட்டுங்கள். பிடுங்க நேர்ந்தால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்கும் முன் வேரோடு எடுத்துப் பையில் கட்டுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடவே கூடாது.

இனி நாம் சொல்லவந்தவற்றில் பெரியது. இத்தனை பாடு எதற்கு, ஒரு புட்டி மருந்து இருந்தால் அரை நாளில் முடியுமே என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை செய்யும் வீடுகளில், மீந்த மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து கொல்லைக்கு அடிக்கும் பழக்கம் இருந்ததை நாம் அறிவோம். ஒரு நாள் மாலை, மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அடுப்படிக்குப் பின்னால் மண்ணெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு புட்டி இருந்தது. உள்ளே நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர். மூடியைத் திறக்கத் தெரியாத மூன்று வயதுக் குழந்தை அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது. மூடி இறுகியிருந்தது, அவ்வளவுதான். அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லி ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. முதல் நாள் நலமாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு நுரையீரல் தழும்பேறி மூச்சு அடங்கும். அதற்கும் முற்பட்ட காலத்தில் லாலானைக் கொல்ல நம் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணத்தையே தெளித்தார்கள். நம் பெண்கள் பல்லாண்டுகள் முதுகில் தோம்பு சுமந்து இவற்றை அடித்தார்கள். மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலை பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதன் தலைவி ஐரீன் பெர்னாண்டஸ் இதற்காக ஓயாமல் குரல் கொடுத்தார். அந்த ஆண்டே பாராகுவாட்டை நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006-இல் தடை தளர்ந்தது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை நடப்புக்கு வந்தது. தடை வந்தாலும் பழைய புட்டி கொட்டகையின் இருண்ட மூலையில் இருக்கலாம். இன்று வீடு திரும்பியதும் பாருங்கள். இருந்தால் திறக்காதீர்கள், வடிகாலில் கொட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிவைத்து, எப்படி ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவைக் கேளுங்கள்.

கொல்லைக்கு அது பயன்பட்டதா என்றால், அதுவும் இல்லை. பாராகுவாட் பட்ட பச்சையை மட்டுமே கருக்கும். கோரைக் கிழங்கும் லாலான் வேரும் கீழே நலமாகவே இருந்து மீண்டும் முளைக்கும். இப்போது பரவலாக விற்கும் கிளைபோசேட் வேர்வரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது களை, கத்தரி என்று பார்ப்பதில்லை. பத்தடி நிலத்தில் காற்று சற்றுத் திரும்பினால் நாளைக்குப் பறிக்கவேண்டிய கீரையின்மேல் படும். செம்பனைக் காட்டுக்கு அது ஒரு கணக்கு. சோற்றுக்குப் பறிக்கும் பாத்திக்கு வேறு கணக்கு. எந்த மருந்தையும் குடிக்கும் புட்டியில் ஊற்றவே கூடாது. மருந்தடித்த உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. யாரேனும் விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், மருந்துப் புட்டியையும் அதன் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. மருத்துவர்கள் அவர்களிடம் ஆலோசனை கேட்பார்கள்.

களை எடுத்த மண்ணை வெறுமையாக விடாதீர்கள். எங்கள் பள்ளித் தோட்டத்துக்கு அந்த ஆயாவே பிறகு ஒரு சாக்கு நிறையச் சர்க்கரைவள்ளிக் கொடி கொண்டுவந்தார். மாணவர்கள் மிக்கானியாக் கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகரத்தில் காயவைத்த இடத்தில், ஒரு முழ இடைவெளியில் ஊன்றினோம். இரண்டு மாதத்துக்குள் இலை மண்ணை மூடிவிட்டது. நிழல் பிடிக்காத கோரை அங்கங்கே வெளுத்து மெலிந்து வந்தது, பிடுங்க எளிதாயிற்று. வேலியோரம் மட்டும் செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து கொடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு எதுவும் நடாமல் விட்டு, வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு மாணவர்கள் நடந்து பார்த்து, உள்ளே வந்த நுனியைக் கிள்ளிப் பையில் போடும்படி முறை வைத்தோம். கிழங்கு தோண்டிய அன்று ஆயாவுக்கு முதல் கூடை போயிற்று. அதில் பாதியை அவித்து மறுநாள் பிள்ளைகளுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.